ஒரே நாளில் ஒன்பதரை ஷிப்ட்

ஆசிரியருக்கு,

வணக்கம். கட்டற்ற மென்பொருள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். காசு செலவில்லை, யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதெல்லாம் சரி. திருத்தத் தெரியாத எங்களைப் போன்றவர்கள் தடுக்கி விழுந்தால் அதை எப்படிச் சொல்வது என்று எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.

நான் பெருமாநல்லூர் பக்கம் ஒரு சிறிய பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் ஷிப்ட் கணக்கு, சனிக்கிழமை சாயங்காலம் பட்டுவாடா. போன வருடம் எக்செலுக்குப் பதில் இலவச விரிதாள் ஒன்றைப் போட்டோம். அந்த வாரம் செவ்வாயன்று ஒன்பது பேருக்கும் ஒன்றரை ஷிப்ட். முதல் கட்டத்தில் 1.5 அடித்து, மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். எக்செலில் அப்படி இழுத்தால் அதே எண் இறங்கும். இதிலோ 1.5, 2.5, 3.5 என்று ஏறிக்கொண்டே போய், கடைசி வரிசையில் இருந்த, டெய்லருக்குக் கை உதவி செய்யும் கைமடிப் பிள்ளைக்கு ஒரே நாளில் ஒன்பதரை ஷிப்ட்! கவரை எண்ணிப் பார்த்துவிட்டு அந்தப் பிள்ளைதான், "அண்ணா, காசு அதிகமா இருக்குதுங்க" என்று திருப்பிக் கொண்டுவந்தது. மற்றவர்கள் கவரையும் திரும்ப வாங்கி எண்ணி முடிக்க இரவு ஒன்பது மணி.

கோபத்தில், "உங்கள் மென்பொருளுக்குக் கணக்கே தெரியவில்லை" என்று மகனைவிட்டு ஆங்கிலத்தில் புகார் எழுதவைத்தேன். பதில் வந்தது: எந்தப் பதிப்பு, என்ன செய்தீர்கள், என்ன வரும் என்று நினைத்தீர்கள், என்ன வந்தது? குறுக்கு விசாரணை மாதிரி இருந்ததால் விட்டுவிட்டேன்.

எங்கள் செக்கிங் டேபிளைப் பார்த்தபோதுதான் உறைத்தது. 'பனியன் நல்லா இல்லை' என்று எந்த அக்காவும் பீஸைத் தள்ளிவிடுவதில்லை. ஓட்டை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். சரி என்று, அடித்த எண், இழுத்த விதம், வந்த எண் எல்லாவற்றையும் படத்தோடு மறுபடி அனுப்பினோம். "இது பிழையல்ல, கன்ட்ரோல் பொத்தானை அழுத்திக்கொண்டு இழுங்கள்" என்றார்கள். வேண்டுமென்றே அப்படித்தான் வைத்திருக்கிறார்களாம். இந்த இடத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. மென்பொருள் நின்றுபோனால் உடனே பிழை என்கிறார்கள். சத்தமில்லாமல் தப்புக் கணக்குக்குக் கொண்டுபோனால் நமக்குப் பழக்கம் போதாது என்கிறார்கள்.

படம் திருத்தும் கிம்ப்பிலும் இதே கதைதான். 2012இல் வந்த 2.8 பதிப்பிலிருந்து 'சேவ்' கொடுத்தால் அதன் சொந்த எக்ஸ்சிஎஃப் கோப்பாக மட்டுமே சேமிக்கும். ஜேபிஜி வேண்டுமென்றால் 'எக்ஸ்போர்ட்' போக வேண்டும். ஜேபிஜியில் அடுக்குகள் (எழுத்து, படம் என்று தனித்தனியாகத் திருத்த வைத்திருக்கும் பகுதிகள்) தொலைந்துபோகும் என்பதால் அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் பிளெக்ஸ் அடிக்கும் கடையில் அவசரத்துக்கு நிற்பவருக்கு அது எப்படித் தெரியும்?

கோவை, ஈரோடு பக்கம் கல்லூரிகளில் கணினி படிக்கும் பிள்ளைகளிடம் தங்கள் இதழ் வழியாக ஒன்று கேட்கிறேன். மாதம் ஒரு நாள் எங்களைப் போன்ற கணக்கர் பக்கத்தில் வந்து உட்காருங்கள். சொல்லித் தர வேண்டாம், வாயே திறக்க வேண்டாம். கை எங்கே திணறுகிறது என்று பார்த்து, ஆங்கிலத்தில் எழுதி அனுப்புங்கள். அந்த ஆங்கிலம்தான் எங்களுக்குப் பெரிய மதில்.

என் புகார் இன்னும் முடிவாகவில்லை. இப்போதைக்குக் கன்ட்ரோல் பொத்தான்மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பனியன் கம்பெனிக் கணக்கர்,
பெருமாநல்லூர், திருப்பூர் மாவட்டம்.