மூன்று போட்டோவும் பார்த்தேன், அம்மிணி

அவிநாசி
ஞாயிறு இரவு

அம்மிணி,

எதை வாங்கலாம் என்று கேட்டு நீ அனுப்பிய மூன்று பழைய ஹவாயன் கிட்டார்களின் போட்டோவையும் பார்த்தேன். வாய்ஸ் மெசேஜிலேயே பதில் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை ஆரம்பித்தேன். இரண்டு முறையும் உங்கம்மா குறுக்கே வந்து, "பனிக்குப் போடற பூட்ஸ் வாங்கினாளான்னு கேளுங்க" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன். பூட்ஸ் விஷயத்தை அவளிடம் தனியாகச் சொல்லிவிடு.

அட்டாலியில் கிடக்கிற என் ஹவாயன் கிட்டாரையே அனுப்பிவைக்க முடியுமா என்று கேட்டிருந்தாய். கேட்டதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அது வேண்டாம் கண்ணு. அதன் கதை உனக்கு முழுதாகத் தெரியாது.

1985இல் நான் மோட்டார் ரீவைண்டிங் கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். ராத்திரியானால் மெல்லிசைக் குழுவில் கிட்டார். வான் ஷிப்லியும் சுனில் கங்குலியும் வாசித்த கேசட்டுகளைக் கேட்டுக் கேட்டு, கிட்டாரை மடியில் படுக்கப் போட்டு இரும்பால் இழுக்கிற வாசிப்பின் மேல் பைத்தியமே பிடித்துவிட்டது. கோயமுத்தூரில் வேறொரு குழுக்காரர் ஒரு ஹவாயன் கிட்டாரை விற்கப்போகிறார் என்று தெரிந்ததும், என் அப்பா, அதாவது உங்க அப்பாரு, கன்னுக்குட்டி விற்று வைத்திருந்த தொள்ளாயிரம் ரூபாயைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். போன நேரம் கரண்ட் இல்லை. கிட்டார் செக்கச்செவேல் என்று வார்னிஷ் மின்ன இருந்தது. "கரண்ட் இருந்தா போட்டுக் காட்டியிருப்பேன் தம்பி, நல்லாத்தான் பேசும்" என்றார். நானும் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டுப் பணத்தை நீட்டினேன். அடுத்த வாரம் மாரியம்மன் நோம்பிக் கச்சேரியில் ஒயரைச் சொருகினேன். 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். அவ்வளவுதான். பிக்கப்பின் காயில், அதாவது கம்பியின் அதிர்வைக் கரண்டாக்குகிற செப்புக் கம்பிச் சுருள், உள்ளுக்குள் அறுந்து எத்தனை வருடம் ஆயிற்றோ!

காயில் கட்டுகிறவன் கையிலேயே அறுந்த காயிலை விற்றுவிட்டாரே என்று கடையில் ஒரு மாதம் சிரித்தார்கள். அப்புறம் அதை நானே கட்டினேன். நம் கடைக்கு வருகிற போர் மோட்டார் கம்பி மாதிரி இல்லை அது. 42 கேஜ், தலைமுடியைவிட மெல்லிசு. உன் அத்தையின் தையல் மெஷினில் பாபின் சுற்றுகிற சக்கரத்தில் மாட்டிச் சுற்றினேன். பதினொரு முறை அறுந்தது. பன்னிரண்டாவது முறை அறுக்காமல் முடித்தேன், ஆனால் எத்தனை சுற்று என்ற கணக்கு நடுவிலேயே போய்விட்டது. அதனால்தான் அது இன்றைக்கும் கொசு மாதிரி ரீங்கரிக்கிறது. அதை வைத்துப் படித்தால் உன் காது கெட்டுவிடும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நீ அனுப்பிய மூன்று போட்டோவிலும் முன்பக்கம் மட்டும்தான் இருக்கிறது. மூன்று பேரிடமும் நீ கேட்டிருப்பது எந்த வருடம், எவ்வளவு ரூபாய் என்பது மட்டும். காயில் பேசுகிறதா என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

கேட்பதைவிட அளந்து பார்ப்பது நல்லது. மல்டிமீட்டர் ஒன்று வாங்கிக்கொள். சாதாரண கிட்டார் கேபிளின் ஒரு முனையைக் கிட்டாரில் சொருகி, வால்யூமை முழுக்கத் திறந்துவிட்டு, மறுமுனை ப்ளக்கின் நுனியிலும் உடம்பிலும் மீட்டரின் இரண்டு முனைகளையும் வை. கிலோ ஓமில் ஒற்றை இலக்கம் காட்டினால் காயில் உயிரோடு இருக்கிறது. அது ஐந்தா எட்டா என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதே, தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். இரண்டரை லட்சம், ஐந்து லட்சம் ஓம் என்று காட்டினால் காயில் அறுந்துவிட்டது என்று அர்த்தம். மீட்டர் அப்போது காட்டுவது வால்யூம் பாட்டின் (வால்யூம் திருகுக்கு உள்ளே இருக்கிற பொட்டென்ஷியோமீட்டரின்) அளவைத்தான். எதுவுமே காட்டாவிட்டால் முதலில் கேபிளைச் சந்தேகப்படு. மீட்டரில் சரியாக இருந்தாலும் ஆம்பில் (ஆம்ப்ளிஃபயரில்) போட்டுக் கேட்காமல் பணம் கொடுக்காதே. அங்கே கரண்ட் போகாது, ஆகையால் யாரும் அந்தச் சாக்கைச் சொல்ல முடியாது.

சரி, போட்டோவுக்கு வருகிறேன். முதலாவது சூப்ரோ, மூன்றாவது ஓவாஹு. முதலாவதைவிட மூன்றாவது இருநூறு டாலர் குறைவு, ஆகவே தரமும் குறைவோ என்று கேட்டாய். நம் கோயமுத்தூரில் ஒரே பட்டறையில் வார்த்த பம்பு நான்கு பெயர்ப் பலகையோடு நான்கு கடைக்குப் போவதை நீ சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறாய். அதே கதைதான். சிகாகோவில் வால்கோ என்று ஒரு கம்பெனி, 1940களில் தொடங்கி 1968 வரை இருந்தது. விக்டர், ஆல், லூயி என்ற மூன்று கூட்டாளிகளின் முதல் எழுத்துகள்தான் அந்தப் பெயர். நேஷனல், சூப்ரோ எல்லாம் அவர்கள் சரக்கு. ஓவாஹு என்பது நீ இருக்கிற கிளீவ்லாண்டிலேயே இருந்த கம்பெனி. ஹவாயன் கிட்டார் பாடமும் நோட்டும் விற்றார்கள், படிக்க வருகிறவர்களுக்குக் கிட்டாரையும் விற்றார்கள். அவர்கள் சொந்தமாகக் கிட்டார் செய்யவில்லை, சிகாகோவில் செய்து வாங்கினார்கள். நீ அனுப்பிய ஓவாஹு டோன்மாஸ்டர் அதே வால்கோ வீட்டுப் பிள்ளை. பிக்கப்பைப் பார், இரண்டிலும் ஒன்றேதான். கம்பிகள் காயிலுக்கு மேலே போகாமல் அதன் நடுவே நுழைந்து போகின்றன. ஊசியில் நூல் கோர்ப்பதுபோலத்தான் கம்பி மாற்ற வேண்டும். கொஞ்சம் எரிச்சலான வேலை. ஆனால் அதன் நாதம் இருக்கிறதே, அது நல்ல தடித்த குரல். ரெக்கார்டில் கேட்டிருக்கிறேன், நேரில் தொட்டதில்லை.

இரண்டாவது, அந்தப் பழுப்பு நிற கிப்ஸன் பிஆர்-9. 1947இலிருந்து 1959 வரை செய்தார்கள். படிக்கிற பிள்ளைகளுக்கென்று செய்த மலிவு மாடல், அதனால் பார்க்க ஏழையாகத்தான் இருக்கும். என் மனசு இதன் பக்கம்தான். அதன் பிக்கப் பி-90 வகை. பிளாஸ்டிக் பாபினில் 42 கேஜ் கம்பியைப் பத்தாயிரம் சுற்று வாக்கில் சுற்றிய நேரான காயில், ஏழெட்டு கிலோ ஓம் வரும். நாளைக்கே அது அறுந்துபோனாலும் காயில் கட்டத் தெரிந்த எவனும் கட்டிவிடுவான். நானே கட்டுவேன், இப்போது சுற்று எண்ணுகிற கவுண்டர் மெஷின் வாங்கிவிட்டேன். ஆனால் நீ சூப்ரோவைத்தான் எடுப்பாய் என்று எனக்குத் தெரியும். அந்த முத்துச்சிப்பி மினுக்கைப் பார்த்ததும் மயங்கியிருப்பாய். நான் சிவப்பைப் பார்த்து மயங்கவில்லையா!

மினுக்குக்காக வாங்கினாலும் பரவாயில்லை, கூடவே ஒரு ஸ்டீல் ஸ்கேல் எடுத்துக்கொண்டு போ. இந்தக் கிட்டாரில் விரலால் கம்பியை அழுத்துவதில்லை. மேலே இருக்கிற கோடுகள் கண்ணுக்கு வழிகாட்டத்தானே தவிர, தொடுவதற்கு இல்லை. அதனால் கம்பி எவ்வளவு உயரத்தில் இருந்தாலும், கோடு எவ்வளவு தேய்ந்திருந்தாலும் கவலை இல்லை. ஆனால் நாம் மேலே வைத்து இழுக்கிற இரும்பு, அதாவது பார், நேரானது. ஆறு கம்பியும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் ஆறையும் அது தொடும். ஸ்கேலை நிறுத்திக் கம்பிகளுக்குக் குறுக்கே தலைப்பக்கம் கம்பி உட்காருகிற நட்டின் பக்கம் ஒரு தரம், மறுகோடியில் உட்காருகிற பிரிட்ஜின் பக்கம் ஒரு தரம் வைத்துப் பார். நடுக்கம்பி பள்ளத்தில் கிடந்தால், யாரோ நட்டை ஆழமாக அறுத்திருக்கிறார்கள் என்று பொருள். அதைச் சரி செய்யலாம், விலையில் குறைத்துக் கேள். அடுத்தது, நட்டிலிருந்து பன்னிரண்டாம் கோடு எவ்வளவு தூரமோ அங்கிருந்து பிரிட்ஜும் அவ்வளவே தூரம் இருக்க வேண்டும். பிரிட்ஜைக் கழற்றி மாட்டியவர்கள் இடம் மாற்றியிருந்தால் பார் கோட்டின் மேல் இருக்கும், சுருதி வேறெங்கோ இருக்கும்.

கீ திருகுகிற இடத்தில் பிளாஸ்டிக் பொத்தான்கள் விரலோடு உதிர்ந்து வரலாம். எழுபது வருடப் பிளாஸ்டிக் அப்படித்தான், மாற்றுப் பொத்தான் கிடைக்கும். வால்யூம் திருகும்போது கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு. இதற்கெல்லாம் பயந்து நல்ல கிட்டாரை விட்டுவிடாதே.

வருடம் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தால், விற்பவரிடம் கேட்டுக்கொண்டு பின்தகட்டைத் திற. வால்யூம் பாட்டின் முதுகில் எண் அடித்திருக்கும். முதல் மூன்று இலக்கம் பாட் செய்தவர் யார் என்று சொல்லும்: 304 என்றால் ஸ்டாக்போல், 137 என்றால் சிடிஎஸ். கடைசி இரண்டும் வாரம், நடுவில் இருப்பது வருடம். கிட்டார் அந்தத் தேதிக்கு முந்தியதாக இருக்க முடியாது, பாட்டை யாரும் மாற்றாமல் இருந்தால். திறந்ததும் எண்ணைவிட முக்கியமாக ஈயத்தைப் பார். பற்றவைத்த இடத்தில் பழைய மங்கலுக்கு நடுவே புதிதாக ஒரு பளபளப்பு தெரிந்தால், "இங்கே யார் கை வைத்தது?" என்று கேள்.

ரிக்கன்பேக்கர் பற்றியும் கேட்டிருந்தாய். உன் சம்பளத்துக்கு இப்போது வேண்டாம். ஆனால் எங்காவது கண்ணில் பட்டால் தொட்டுப் பார்த்துவிட்டு எனக்குச் சொல். வியாபாரத்தில் நிலைத்த முதல் எலக்ட்ரிக் கிட்டாரே அவர்கள் 1932இல் விற்க ஆரம்பித்த மடிக்கிட்டார்தான். மொத்தமும் அலுமினியத்தில் வார்த்தது. வட்டமாக உடம்பு, நீளமாகக் கைப்பிடி, அதனால் வடச்சட்டி என்றே செல்லப்பெயர். பீளமேட்டு ஃபவுண்டரிக்காரன் எவனிடம் காட்டினாலும் வார்த்துத் தருவான் போல இருக்கும். மேடை விளக்குச் சூட்டில் அலுமினியம் விரிந்து சுருதி கலைந்தது. 1935இல் பேக்லைட்டுக்கு மாறினார்கள். பேக்லைட் எனக்குத் தெரியாதா? பழைய சுவிட்சு எத்தனை கழற்றியிருப்பேன். சூட்டுக்கு அசையாது, கீழே விழுந்தால் சில்லு சில்லாகப் போகும்.

இனி சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேள். ஓவாஹுவை விற்பவர் கூடவே பழைய ஆம்பும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். போட்டோவில் ஒயரின் முனையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு பின். எர்த் கிடையாது. அந்தக் காலத்து மலிவு ஆம்புகள் சிலவற்றில் மெயின்ஸ் டிரான்ஸ்பார்மரே இருக்காது, லைன் நேராக உள்ளே வந்துவிடும். நீ மடியில் கிட்டாரை வைத்து, ஒரு கையில் இரும்பைப் பிடித்து, அந்த இரும்பைக் கம்பிகள் மேல் வைத்து வாசிக்கப் போகிறாய். இதைவிட மோசமாகக் கரண்டுக்கு வழி போட்டுக்கொடுக்க முடியாது. ஆம்பு சும்மா கிடைத்தால் வாங்கி ஓரமாக வை. வால்வு ஆம்பு தெரிந்த ஆள் ஒருவர் திறந்து பார்த்து, மூன்று பின் ஒயர் போட்டு, பழைய கண்டென்சர்களை மாற்றித் தரும் வரைக்கும் ப்ளக்கில் சொருகாதே. அதுவரை புதிதாக ஒரு சின்ன ஆம்பு போதும். நம் ஊருக்கு அதைக் கொண்டுவருகிற எண்ணம் இருந்தால் அங்கே 120 வோல்ட், இங்கே 230. அது அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கம்பி பற்றி ஒன்று. பிஆர்-9இன் கம்பி நீளம் இருபத்திரண்டரை அங்குலம்தான். சாதாரண கிட்டார் கம்பியைப் போட்டால் தொளதொளவென்று இருக்கும். உன் வாத்தியார் சி6 சுருதி என்கிறார் அல்லவா, அதற்கென்றே செட் விற்கிறார்கள், அதை வாங்கு. நான் டி மேஜரில் வைத்து வாசித்தவன். சினிமாப் பாட்டுக்கு மேல்கம்பி ஒன்றிலேயே கமகம் எல்லாம் வந்துவிடும். நீ தியாகராஜர் ஆராதனைக்குப் போய் சித்திரவீணை கேட்டுவிட்டு, "அப்பா, இதுவும் அதேதானே" என்று போன் பண்ணினாய் பார், அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தச் சித்திரவீணையை, கோட்டுவாத்தியம் என்றும் சொல்வார்கள், நம் ஆட்கள் கட்டையால் இழுத்துக்கொண்டிருந்ததை நான் கிட்டார் பழகி ஏழு வருடம் கழித்துத்தான் பார்த்தேன். வெட்கமாகப் போய்விட்டது.

மூன்றில் இரண்டு கிட்டார்கள் உனக்குக் காரில் போகிற தூரத்தில் இருப்பதாகச் சொன்னாய். இரண்டையும் ஒரே நாளில் போய்க் கேள். நேற்றுக் கேட்டது இன்றைக்குக் காதில் நிற்காது. மூன்றாவது பார்சலில்தான் வரும் என்றால் அதை விட்டுவிடு, விலை எவ்வளவு குறைந்தாலும்.

பார் மட்டும் நீ வாங்க வேண்டாம். பக்கத்து லேத்தில் 304 எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ராடில் ஒன்று கடைந்து வைத்திருக்கிறேன். முக்கால் அங்குலத் தடிமன், மூன்று அங்குல நீளம், முனை தோட்டா மாதிரி உருண்டை. நகைக்கடைத் தராசில் போட்டேன், 170 கிராம். பஃபிங் பண்ணிப் பண்ணி லேத்துக்காரரே கண்ணாடியாக வைத்து மீசையைச் சரிபண்ணினார். எதிர்வீட்டுப் பையன் இருபதாம் தேதி கிளம்புகிறான். கைப்பையில் வைத்தால் ஏர்போர்ட்டில் இது என்ன குண்டு என்பார்கள், ஆகவே பெரிய பெட்டியில் கச்சாயம் டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். துணியில் சுற்றியிருக்கிறது. டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டாதே, காலில் விழும்.

கிட்டார் வாங்கியதும் பாட்டெல்லாம் வேண்டாம். மூன்றாம் கம்பியை மட்டும், பார் வைக்காமல், வால்யூமை முழுக்கத் திறந்து ஒரு தரம் மீட்டி அனுப்பு. எனக்கு அது போதும்.

அப்பா

மறந்துவிட்டேன்: மீட்டரை வைக்கும்போது கம்பியைத் தொட்டுக்கொண்டு இருக்காதே, எண் ஆடும்.