சிட்டை ஒன்று, திரை நாலு

சேலம்
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. சோம்பல் இல்லை. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்காரர், கணக்கு எழுத ஒரு அப்ளிகேஷன் செய்துகொடு என்று என்னைப் பிடித்து வைத்துக்கொண்டார். அப்பா காலத்துப் பழக்கம், முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. நடுவில் ஒருநாள் ஏற்காடு போனோம். 20 கொண்டை ஊசி வளைவில் ஏழாவதிலேயே சின்னவன் வாந்தி எடுத்துவிட்டான். மேலே போனால் ஒரே மூடுபனி, ஏரி இருக்கிற இடமே தெரியவில்லை. பஜ்ஜி தின்றுவிட்டு இறங்கிவிட்டோம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஒரே அப்ளிகேஷனுக்குள் பத்துப் பன்னிரண்டு திரை, டீமில் ஆளுக்கொரு மாதிரி எழுதுகிறார்கள், நீயாக இருந்தால் எப்படிப் பிரிப்பாய் என்று கேட்டிருந்தாய். இந்தப் பட்டறைக் கதையைச் சொல்கிறேன். நான் வாங்கிய குட்டும் அதில் இருக்கிறது.

வியாபாரி கட்டி வெள்ளி கொடுப்பார். பட்டறைக்காரர் அதைக் கம்பி இழுக்க ஒருவர், சலங்கைக்கு ஒருவர், பற்றவைக்க ஒருவர் என்று எடை போட்டுப் பிரித்துக் கொடுப்பார். வேலை முடிந்து வந்ததும் மறுபடி எடை. நடுவில் சேதாரம், அதற்கப்புறம் கூலி. கொடுத்தது, வாங்கியது, கூலி, இருப்பு என்று நாலே திரையில் முடிகிற வேலை. நான் முதலில் ஒன்பது செய்தேன். புதுப் பதிவுக்கு ஒன்று, திருத்துவதற்கு ஒன்று, வெறுமனே பார்ப்பதற்கு ஒன்று என்று எண்ணிக்கை ஏறிவிட்டது. பார்த்தால் மூன்றும் ஒரே சீட்டு. இரண்டு கட்டம் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதுதான் வித்தியாசம். அதற்கு ஒரே திரை, மூன்று நிலை போதும். காட்டுகிற சரக்கே வேறு என்றால்தான் தனித் திரை கட்டவேண்டும்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒரு சனிக்கிழமை, கூலி நாள். பட்டறைக்காரர் ‘வாங்கியது’ திரையில் ஒன்பது பேருடைய எடையைத் தட்டிவிட்டார், இன்னும் சேமிக்கவில்லை. வியாபாரியிடமிருந்து போன், இருப்பு எவ்வளவு என்று. இருப்புத் திரைக்குப் போய்ப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பினால் எல்லாக் கட்டமும் காலி. அதைவிட மோசம், இருப்புத் திரை 3.250 கிலோ என்கிறது, ‘கொடுத்தது’ திரையின் அடியில் 3.180. எழுபது கிராம் வெள்ளி எங்கே போனது? சலங்கைக்காரரை நிற்க வைத்துத் திரும்ப எடை போட்டிருக்கிறார்கள். அந்த மனுஷன் ஒன்றும் பேசாமல் டப்பாவைத் தராசில் கவிழ்த்தாராம். இதைக் கேட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எடை குறையவே இல்லை. இரண்டு திரையும் மொத்தத்தைத் தனித்தனியாகக் கையில் வைத்திருந்தன. ஒன்று புதுக் கணக்கைப் பார்த்துவிட்டது, மற்றது காலையில் எடுத்ததையே காட்டிக்கொண்டிருந்தது. கணக்குப் புத்தகத்தைச் சிட்டை என்பார் பட்டறைக்காரர். அவர் சொன்னார்: “சிட்டை ஒண்ணுதானப்பா இருக்கணும். ரெண்டு சிட்டை வெச்சிருக்கிறவன் வேற காரணத்துக்கு வெச்சிருப்பான்.” 1979-இல் ஜெராக்ஸின் ‘பார்க்’ ஆராய்ச்சிக் கூடத்தில் உட்கார்ந்து ட்ரிக்வே ரீன்ஸ்கௌ, கணக்கு ஒரு பக்கம் (மாடல்), காட்டுவது ஒரு பக்கம் (வியூ), தட்டுவதை வாங்குவது ஒரு பக்கம் (கண்ட்ரோலர்) என்று பிரித்ததும் ஏறக்குறைய இதுதான். நான் படித்ததை மறந்திருந்தேன், அவர் படிக்காமலே தெரிந்து வைத்திருக்கிறார்.

கட்டங்கள் காலியானதுதான் எனக்கு அவமானம். ஃபிளாஷில் ஓடுகிற அப்ளிகேஷன்களை நாம் ஃபிளெக்ஸில் எழுதிய காலத்து வியூஸ்டாக் ஞாபகம் இருக்கிறதா? சீட்டுக்கட்டு மாதிரி திரைகளை அடுக்கி, ஒன்றை மட்டும் மேலே காட்டும். மற்றவை மறைந்திருக்குமே தவிர அழியாது. பாதி தட்டிய எண் அப்படியே இருக்கும். அந்தப் பழக்கத்திலேயே, திரை கட்ட இப்போது நான் பயன்படுத்துகிற ரியாக்டில் எழுதிவிட்டேன். இங்கே ஒரு கம்பொனென்டை, அதாவது திரையின் ஒரு துண்டை, எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டால், எடுத்தது தன் சொந்த நிலையோடு, அதாவது உள்ளே தட்டிய எண்களோடு போய்விடும். இருபது வருஷ அனுபவம் என்று சொல்லிக்கொள்கிறவன் இதில் போய் விழுந்தேன்.

வியூஸ்டாக்கிலும் நாம் ஒழுங்காக இல்லை மாப்ளே. ஒரு திரைக்குள் இருக்கிறவை முதல்முறை திறக்கும்போதுதான் உருவாகும். நாமோ இந்தத் திரையிலிருந்தே அந்தத் திரையின் டெக்ஸ்ட் பாக்ஸில் கைவைத்து எழுதப் பார்ப்போம். அது இன்னும் பிறக்கவே இல்லை, ‘இல்லாத பொருளைத் தொடுகிறாய்’ என்கிற 1009-ஆம் எண் பிழை வந்து விழும். உடனே, எதை எப்போது உருவாக்குவது என்று சொல்கிற கிரியேஷன் பாலிசியை ‘ஆல்’ என்று போட்டு எல்லாத் திரையையும் தொடக்கத்திலேயே பெற்றெடுக்க வைப்போம். பிழை போய்விடும், ஆனால் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். உன் டீமில் யாராவது ஒரு திரையிலிருந்து இன்னொரு திரையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அங்கேயே நிறுத்து. மதிப்பைச் சிட்டையில் எழுதட்டும். மற்றது எப்போது பிறந்தாலும் அங்கே பார்த்துக்கொள்ளும்.

இப்போது இப்படி மாற்றியிருக்கிறேன். சேமித்த கணக்கு ஒரே இடத்தில். மொத்தத்தை எந்தத் திரையும் வைத்துக்கொள்வதில்லை, அங்கிருந்து கூட்டிக் காட்டும், அவ்வளவுதான். பாதி தட்டியது தனியாக ‘கச்சா’ என்று ஒரு மூலையில், அதுவும் திரைக்கு வெளியே. எந்தத் திரை திறந்திருக்கிறது, எந்த ஆள், எந்தத் தேதி என்பது பிரவுசர் முகவரியில் போகிறது. முன்பு போனில் பேக் பட்டனைத் தொட்டால் அப்ளிகேஷனை விட்டே வெளியே தள்ளிவிடும், இப்போது முந்தைய திரைக்கு ஒழுங்காகப் போகிறது. கச்சாவை முகவரியில் ஏற்றாதே. நான் ஏற்றிப் பார்த்தேன், அனுமார் வால் மாதிரி நீண்டது.

ஃபிளாஷுக்கு 2020 டிசம்பர் 31-இல் அடோபி மங்களம் பாடியபோது நாம் ராத்திரி பகலாக எழுதியதெல்லாம் போச்சே என்று நீ புலம்பினாய். 1009 மட்டும் போகவில்லை பார், வேறு பெயரில் இங்கேயும் வருகிறது.

போன சனிக்கிழமை பட்டறையில் உட்கார்ந்து பார்த்தேன். நடுவில் மூன்று போன், நாலு திரை மாற்றம், ஒரு எண்ணும் அழியவில்லை. சலங்கைக்காரருக்குப் பட்டறைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கு வாங்கித் தரவில்லை. எழுத்து சின்னதாக இருக்கிறது, பெரிதாக்கு என்றார்.

மே மாதம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா, மல்கோவா வந்திருக்கும். வரும்போது அந்தப் பழைய வன்தட்டையும் எடுத்து வா.

உன் பழைய ரூம்மேட்