பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்: ஆண்டு நிறைவும் இஞ்சி சோடாவும்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்தக் கல்வியாண்டு நிறைவுக்கு வந்துவிட்டது. விளையாட்டு விழா, ஆண்டு விழா, அறிவியல் கண்காட்சி எல்லாம் நல்லபடியாக நடந்தன. வட்டார அளவிலான போட்டிகளில் நம் பிள்ளைகள் பரிசு வாங்கி வந்திருக்கிறார்கள். ஆண்டுத் தேர்வு அட்டவணையை நாட்குறிப்பில் ஒட்டி அனுப்பியிருக்கிறோம். நூலகப் புத்தகங்களைத் தேர்வுக்கு முன்பே திருப்பித் தரச் சொல்லுங்கள். ஆண்டு முழுவதும் ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி.

இனி, முக்கியமாக எழுத வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

அறிவியல் கண்காட்சியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இஞ்சியையும் கருப்பட்டியையும் புளிக்கவைத்து சோடா செய்து காட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பல வீடுகளில் செய்து பார்த்திருக்கிறீர்கள். கடைக் குளிர்பானத்துக்குப் பதில் வீட்டிலேயே ஒன்றைச் செய்து கொடுக்க வேண்டும் என்ற உங்கள் அக்கறையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் அந்தப் புட்டிகள் சாப்பாட்டுப் பையில் பள்ளிக்கு வரத் தொடங்கிவிட்டன. சென்ற வாரம் ஒரு வகுப்பறையில், பைக்குள் இருந்த கண்ணாடிப் புட்டி வெடித்தது. இடைவேளை நேரம் என்பதால் பிள்ளைகள் வெளியே இருந்தார்கள், யாருக்கும் காயமில்லை. ஒரு கண்ணாடிச் சில்லு கணக்கு நோட்டின் தடித்த அட்டையைத் துளைத்துக்கொண்டு நின்றது.

எந்த வீட்டையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. கோடை விடுமுறையில் இன்னும் பல பிள்ளைகள் இதைச் செய்வார்கள். செய்முறையில் ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்து செய்ய வேண்டும் என்பதற்காகவே விரிவாக எழுதுகிறேன்.

காணொளிகளில் ‘ஜிஞ்சர் பக்’ என்று சொல்லும் தாய்க்கரைசல்தான் இதன் அடிப்படை. அரை லிட்டர் தண்ணீரில், தோல் சீவாமல் துருவிய இஞ்சி இரண்டு மேசைக்கரண்டியும் சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டியும் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி நிழலில் வைக்க வேண்டும். தினமும் ஒரு மேசைக்கரண்டி இஞ்சியும் ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையும் சேர்த்துக் கிளற வேண்டும். இஞ்சித் தோலில் இயற்கையாகவே இருக்கும் ஈஸ்ட்டும் லாக்டிக் பாக்டீரியாவும் இதில் பெருகும். நம் ஊர் வெயிலுக்கு மூன்று நான்கு நாளிலேயே நுரை கட்டிவிடும். குளிர் நாடுகளில் ஒரு வாரம் ஆகும். காணொளிகள் பெரும்பாலும் அந்த ஊர்க் கணக்கைச் சொல்கின்றன. தவறு இங்கேயே தொடங்குகிறது.

நுரையே வரவில்லை என்றால் முதலில் தண்ணீரைப் பாருங்கள். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் ஈஸ்ட்டை அடக்கிவிடும். கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரை எடுங்கள். அடுத்தது இஞ்சி. தோலை முழுக்கச் சீவிவிட்டாலோ, வெந்நீரில் போட்டு எடுத்தாலோ கரைசலில் உயிர் இருக்காது. சர்க்கரை இல்லாத இனிப்பு வேண்டும் என்று சீனித்துளசியைப் போட்டவர்களுக்கும் நுரை வராது. ஈஸ்ட்டுக்கு அது உணவே இல்லை. மேலே பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சை படர்ந்தால் மேலாக வழித்துவிட்டுப் பயன்படுத்தாதீர்கள், முழுவதையும் கொட்டிவிடுங்கள். நூல் நூலாகக் கொழகொழவென்று வந்தாலும் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

சோடாவுக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் நசுக்கிய இஞ்சி 50 கிராமும் கருப்பட்டி 80 கிராமும் போட்டுக் கொதிக்கவிட்டு, இறக்கி, துணியில் வடிகட்ட வேண்டும். கருப்பட்டியில் மணலும் தூசியும் இருக்கும். தேநீர் வடிகட்டி போதாது. கைபொறுக்கும் சூட்டுக்கும் கீழே நன்றாக ஆறிய பிறகே ஓர் எலுமிச்சைச் சாறும் வடிகட்டிய தாய்க்கரைசல் 60 மில்லியும் சேர்க்க வேண்டும். சூட்டோடு ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும். இதுவரை ஆபத்து எதுவும் இல்லை. புட்டியில் ஊற்றி மூடியை இறுக்கிய பிறகுதான் எல்லாம்.

கணக்கைச் சொன்னால் புரியும். ஒரு லிட்டர் பானத்தில் நான்கு கிராம் சர்க்கரை புளித்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் கரியமில வாயு உண்டாகும். கடையில் விற்கும் கோலா வகைப் பானங்களிலேயே லிட்டருக்கு மூன்றரை முதல் நான்கு லிட்டர் வாயுதான் அடைத்திருக்கும். ஆக, 15 கிராம் சர்க்கரை புளித்தாலே கடை சோடாவின் வேகம் வந்துவிடும். நாம் போட்டதோ 80 கிராம் கருப்பட்டி. அதில் பெரும்பகுதி சர்க்கரை. வாயு போதும் என்று ஈஸ்ட்டுக்குத் தெரியாது. இனிப்பு இருக்கும்வரை அது வேலை செய்துகொண்டே இருக்கும். குடிக்கும்போது நாவில் படும் தித்திப்பு அவ்வளவும், மூடிய புட்டிக்குள் இன்னும் வாயுவாக மாறாமல் இருக்கும் சர்க்கரை.

இதற்கு மேல் வெயிலும் சேர்கிறது. அதே அளவு வாயு கரைந்த சோடா, குளிர்பெட்டியில் ஐந்து டிகிரியில் இருக்கும்போது புட்டிக்குள் உண்டாக்கும் அழுத்தத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல், 30 டிகிரியில் உண்டாக்கும். காலையில் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துப் பையில் வைத்த புட்டி, மதிய மணி அடிக்கும்போது அதே புட்டி அல்ல. போதாக்குறைக்கு, குளிரில் அடங்கியிருந்த ஈஸ்ட்டும் விழித்துக்கொள்கிறது. பேருந்துக் குலுக்கலும் இருக்கிறது.

எந்தப் புட்டி என்பதும் பெரிய விஷயம். ஊறுகாய், ஜாம், பழரசம் வந்த கண்ணாடிப் புட்டிகள் அழுத்தத்தைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. சதுரமான புட்டிகள் இன்னும் மோசம், மூலைகளில் விரிசல் விடும். ஸ்டீல் தண்ணீர்ப் புட்டி பாதுகாப்பானது என்று சிலர் நினைக்கிறார்கள். உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று தொட்டுப் பார்க்க வழியில்லாத பாத்திரம் அது. திறக்கும்போது மூடி முகத்துக்கு நேராகப் பறக்கும். வீட்டில் செய்வதானால் கடை சோடா வந்த, கீறலில்லாத பிளாஸ்டிக் புட்டி ஒன்றே சரி. மினரல் வாட்டர் புட்டி மெல்லியது, அது வேண்டாம். கழுத்துக்குக் கீழே நான்கு விரற்கடை இடம் விட்டு ஊற்றுங்கள். சமையலறையின் நிழலான மூலையில், ஒரு வாளிக்குள் வைத்து, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை அழுத்திப் பாருங்கள். கை அமுக்கினால் அமுங்காமல் கல்லாக நின்றால் அந்த நிமிடமே குளிர்பெட்டிக்குள் வைக்க வேண்டும். ஏப்ரல், மே வெயிலில் இதற்கு 12 மணி நேரமே போதும். இரவு வைத்துவிட்டுத் தூங்கிவிடாதீர்கள். காலையில் வைத்தால் கண்பார்வையில் இருக்கும். ஓர் இரவு முழுக்கக் குளிர்ந்த பிறகு, தொட்டிக்கு மேலே பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூடியைக் கால் திருகு திருகிச் சீறலை விட்டு, மறுபடி இறுக்கி, மறுபடி திறக்க வேண்டும். குளிர்பெட்டியிலும் புளிப்பு நிற்பதில்லை, மெதுவாகிறது, அவ்வளவுதான். மூன்று நான்கு நாளில் குடித்து முடித்துவிடுங்கள். நீண்ட நேரம் மின்சாரம் போனால் புட்டிகளைத் திறந்து வாயுவை விட மறக்காதீர்கள்.

வெடிப்பதைவிட எனக்கு அதிகக் கவலை தரும் விஷயம் ஒன்று இருக்கிறது. இதைப் பலர் யோசித்திருக்க மாட்டீர்கள். பதநீர் இறக்கும் கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் என்ன ஆகும் என்று நம் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். அங்கே பதநீரைக் கள்ளாக்குவது எதுவோ, அதே ஈஸ்ட் வேலைதான் இங்கேயும் நடக்கிறது. சர்க்கரையைத் தின்று ஈஸ்ட் வாயுவை மட்டும் விடுவதில்லை. கிட்டத்தட்ட அதே எடைக்கு ஆல்கஹாலும் உண்டாக்குகிறது. மேலே சொன்ன 15 கிராம் சர்க்கரை முழுவதையும் ஈஸ்ட்டே புளிக்கவைத்தால் ஆல்கஹால் அளவு ஒரு சதவீதத்தை நெருங்கும். 0.5 சதவீதத்தைத் தாண்டினாலே நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளில் அது மதுபானம். ஒவ்வொரு புட்டியிலும் எவ்வளவு என்று வீட்டில் அளந்து பார்க்க வழியும் இல்லை. நல்லெண்ணத்தோடு செய்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து அதைக் குடிப்பதை எந்தப் பள்ளியாலும் ஏற்க முடியாது.

ஆகவே இதைத் தெளிவாகவே எழுதுகிறேன். புளிக்கவைத்த எந்தப் பானமும், எந்தப் புட்டியிலும், பள்ளி வளாகத்துக்குள் வரக்கூடாது. பிறந்தநாள், சுற்றுலா, விளையாட்டுப் பயிற்சி என்று எந்த விதிவிலக்கும் கிடையாது. கொண்டுவந்தால் புட்டியை வாங்கி, வெளியே வைத்துத் திறந்து கொட்டிவிடுவோம். அன்றே உங்களை அழைத்துப் பேசுவோம். சமையல் சோடாவையும் எலுமிச்சைச் சாற்றையும் புட்டியில் அடைத்துக் குலுக்கும் விளையாட்டும் சில வகுப்புகளில் நடக்கிறது. அதற்கும் இதே விதி. அது நொடியில் வெடிக்கும். குடித்தாலோ, ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவில் 1200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராமுக்குள் இருக்கச் சொல்கிறது.

தடை போட்டதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. புளிக்கவைக்காமலே நல்ல இஞ்சி சோடா செய்யலாம், ருசியும் குறையாது. 200 கிராம் இஞ்சியைக் கழுவி, தோல் சீவி, கொஞ்சம் தண்ணீர் விட்டு அரைத்துப் பிழியுங்கள். சாற்றை அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் வெள்ளையாக மாவு படியும். பாத்திரத்தை மெதுவாகச் சாய்த்துத் தெளிவை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த மாவை விட்டுவிடுங்கள். அதைச் சேர்த்துக் காய்ச்சினால் பாகு கஞ்சியாகக் குழம்பிப்போகும். 200 கிராம் கருப்பட்டியை 200 மில்லி தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, கொதிக்கவிட்டு, இஞ்சித் தெளிவை ஊற்றி ஐந்து நிமிடம் மட்டும் மெல்லிய தீயில் வையுங்கள். நெடுநேரம் காய்ச்சினால் இஞ்சியின் வாசம் போய்க் காரம் மட்டும் தங்கும். ஆறிய பிறகு இரண்டு எலுமிச்சைச் சாறும் ஒரு சிட்டிகை உப்பும் சேருங்கள். எலுமிச்சையைச் சூட்டில் பிழிந்தால் கசக்கும். தேன் விரும்புகிறவர்கள் கருப்பட்டியைப் பாதியாக்கி, மீதிக்கு ஆறிய பாகில் தேன் கலக்கலாம். வீட்டில் ஒரு வயது நிரம்பாத குழந்தை இருந்தால் தேன் கலந்ததை அதற்கு ஒரு சொட்டும் கொடுக்கக் கூடாது. குளிர்பெட்டியில் பத்து நாள் வரை இருக்கும்.

குடிக்கும் நேரத்தில் தம்ளரில் இரண்டு மேசைக்கரண்டி பாகை ஊற்றி, கடையில் வாங்கிய வெறும் சோடா 200 மில்லியை ஓரமாகச் சாய்த்து ஊற்றுங்கள். இரண்டும் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பொங்கி வழியும். பாகை சோடாப் புட்டிக்குள்ளேயே ஊற்றிவிடாதீர்கள். கருப்பட்டியில் மிஞ்சியிருக்கும் நுண்ணிய துகள்களைச் சுற்றி வாயு ஒரே மூச்சில் திரண்டு, பாதி சோடா மேசையில் கிடக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கருப்பட்டி, தேன், பனங்கற்கண்டு எதுவானாலும் பல்லுக்கும் உடம்புக்கும் அது சர்க்கரைதான். சேர்க்கும் சர்க்கரையை நாளுக்கு 25 கிராம் அளவுக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தக் கணக்கில் தேனும் அடக்கம். வாரத்துக்கு ஒன்றிரண்டு தம்ளர் போதும். பள்ளிக்குத் தண்ணீரோ மோரோ கொடுத்து அனுப்புங்கள்.

இவ்வளவு நீண்ட கடிதத்தைப் பொறுமையாகப் படித்ததற்கு நன்றி. விஷயம் தெரிந்ததும் அன்று மாலையே வீட்டிலிருந்த புட்டிகளைத் திறந்துவிட்டுத் தகவல் சொன்ன பெற்றோர்களுக்கும், வகுப்பறையைச் சில்லு இல்லாமல் கூட்டித் துடைத்துத் தந்த பணியாளர்களுக்கும் சிறப்பு நன்றி. கண்காட்சியில் சோடா செய்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்மீது யாரும் கோபப்பட வேண்டாம். அவர்கள் செய்தது நல்ல அறிவியல். அழுத்தமும் வெப்பமும் பற்றிய அடுத்த சோதனையை ஜூன் மாதம் ஆய்வகத்தில் ஆசிரியர் முன்னிலையில் செய்ய ஏற்பாடு செய்திருக்கிறோம்.

கீழே உள்ள ஒப்புகைச் சீட்டில் கையொப்பமிட்டுத் திங்கட்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். செய்முறையில் சந்தேகம் இருந்தால் மாலை நான்கு மணிக்கு மேல் அலுவலகத்தில் என்னை நேரில் பார்க்கலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்