ஓசூரில் இருக்கும் மகளுக்கு: குட்டிகளை எப்போது தொடலாம்?

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுறது. நீயும் மாப்பிள்ளையும் நல்லா இருக்கீங்களா? இங்க எல்லாரும் சுகம். அப்பாவுக்கு முட்டி வலி மட்டும் விட்டபாடில்ல. டாக்டரைப் பார்க்கச் சொன்னா, மழை விட்டா சரியாப் போயிடும்ங்கிறார்.

பிறந்த நாய்க்குட்டிக்குச் செய்யிறதுன்னு நீ அனுப்பின அந்த அஞ்சு பயிற்சியையும் படிச்சேன். மூணாம் நாள்லேருந்து குட்டிகளுக்கு இதைச் செய்யலாமா, ஒரே வார்த்தையில சொல்லுன்னு கேட்டிருக்க. ஒரே வார்த்தைன்னா, செய்யலாம். ஆனா அதோட முடியிற விஷயம் இல்லங்கிறதாலதான் உட்கார்ந்து எழுதுறேன். தபால்ல போட்டா குட்டிங்க கண்ணு திறந்த பிறகுதான் உன் கைக்கு வரும். அதனால எழுதி முடிச்சதும் அப்பாவை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றேன்.

உங்க அப்பத்தா இருந்திருந்தா இந்தப் பேச்சையே எடுக்க விட்டிருக்க மாட்டாங்க. கண்ணு திறக்கிற வரைக்கும் குட்டி மேல மனுசக் கை படக்கூடாதுன்னு ஒத்தக் கால்ல நிப்பாங்க. அதுலயும் ஒரு நியாயம் இருக்கு. குட்டி போட்ட பெட்டை பயத்துல கடிக்கும், சிலது குட்டியவே கவ்விக்கிட்டு இடம் மாத்தும், தெருப் பிள்ளைங்க ஆளாளுக்குத் தூக்கினா குட்டி குளிர்ல விறைச்சுப் போகும். ஆனா உன் நாய் உன் மடியில வளர்ந்தது. நீ ஒருத்தி மட்டும், அது பார்க்கிற மாதிரியே, அது பக்கத்துல உட்கார்ந்து தூக்கு. அது எழுந்து நின்னு மூச்சிரைச்சாலோ உன் கையையே முகர்ந்துக்கிட்டு இருந்தாலோ குட்டியைக் கீழ வச்சுடு. அன்னிக்கு விட்டுடலாம், ஒண்ணும் குறைஞ்சு போகாது. மாப்பிள்ளை முதல் வாரம் தள்ளி நின்னே பார்க்கட்டும். கோவிச்சுக்க மாட்டார்.

இப்ப அந்த அஞ்சு. காது குடையிற பஞ்சுக் குச்சியால கால் விரல் இடுக்குல லேசா வருடணும். தலை மேல இருக்கிற மாதிரி ரெண்டு கையாலயும் நிமிர்த்திப் பிடிக்கணும். பிறகு தலை கீழ இருக்கிற மாதிரி. அப்புறம் உள்ளங்கையில மல்லாக்கக் கிடத்தணும். கடைசியா, நனைச்சுப் பிழிஞ்ச துண்டை 5 நிமிஷமாவது ஃப்ரிட்ஜ்ல வச்சு எடுத்து, அது மேல நாலு காலும் படுற மாதிரி விடணும். நகர்ந்தா நகரட்டும், அமுக்கிப் பிடிக்காத. ஒவ்வொண்ணுக்கும் 3லேருந்து 5 விநாடிதான். ஒரு நாளைக்கு ஒரு தடவை, மூணாம் நாள்லேருந்து பதினாறாம் நாள் வரைக்கும். நல்லதுதானேன்னு ரெண்டு வேளையாக்கிடாத. லேசா ஒரு சலனத்தை உடம்புக்குக் காட்டிட்டு விட்டுடுறதுதான் இதோட சூட்சுமமே. அளவு மீறினா சிசுவுக்கு அது வெறும் வதைதான்.

இது எங்கேருந்து வந்துச்சுன்னா, அமெரிக்க ராணுவம் 'பயோ சென்சார்'னு ஒரு திட்டம் வச்சு நாய்க்குட்டிகளுக்குச் செஞ்சு பார்த்தது. அப்படி வளர்ந்த குட்டிக்கு இதயம் திடமா இருக்கும், நோயைத் தாங்கும், பதட்டம் குறையும்னு அதைச் சொல்றவங்க ஒரு பட்டியலே போடுறாங்க. நான் கால்நடைத் துறையில இத்தனை வருஷம் வேலை பார்த்தவ, பட்டியலைக் கண்டா எனக்குச் சந்தேகம்தான் வரும். பின்னால வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே மாதிரி சொல்லல. சிலதுல பலன் தெரிஞ்சிருக்கு. கண்ணிவெடி மோப்பம் பிடிக்க வளர்த்த குட்டிகளை வச்சுப் பார்த்தப்ப, வேற விதத்துல நல்லாப் பழக்கி வளர்க்கிற குட்டிகளுக்கு இது கூடுதலா எதையும் சேர்த்ததாத் தெரியல. அதனால செய், கெடுதல் இல்ல. ஆனா உன் நம்பிக்கை முழுக்க அந்தப் பஞ்சுக் குச்சி மேல இருக்க வேண்டாம்.

ஒரு விஷயத்துல மட்டும் கண்டிப்பாச் சொல்றேன். ஓசூர் நம்ம காரைக்குடி இல்ல. பிறந்த குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாத்திக்கத் தெரியாது. முதல் சில நாளைக்கு நடுக்கம்கூட வராது. தாய்க்கு 38 டிகிரிக்கு மேல இருக்கும், குட்டிக்கு முதல் வாரம் 36ஐ ஒட்டித்தான் இருக்கும். நம்ம கன்னி இன நாய் வேற எலும்பும் தோலுமா இருக்கிற சாதி, கொழுப்பே கிடையாது. காலையில பனி இறங்குற நேரத்துல ஈரத் துண்டு வேலை வேண்டாம், வெயில் ஏறினப்புறம் வச்சுக்க. குட்டிங்க கிடக்கிற இடம் முதல் வாரம் 30 டிகிரி சுமாருக்கு இருக்கட்டும். ஒரு பக்கம் பல்பு போடு, மறுபக்கம் சூடு இல்லாம விடு. வேணுங்கிறதும் வேணாங்கிறதும் தானா ஊர்ந்து போயிக்கும். சில்லுன்னு கிடக்கிற குட்டிக்குப் பால் கொடுத்துடாத, செரிக்காது. முதல்ல உன் நெஞ்சோட அணைச்சுச் சூடாக்கு.

சமையல்கட்டுத் தராசுல தினமும் ஒரே நேரத்துக்கு எடை போட்டு எழுதி வை. எட்டுப் பத்து நாள்ல பிறந்த எடை ரெட்டிப்பாகணும். ஏறாம நிக்கிற குட்டியைத்தான் முதல்ல கவனிக்கணும். இப்படித் தினம் தூக்கி எடை போடுறதே குட்டிக்கு ஒரு பழக்கம்தான், அந்த அஞ்சுக்கும் முன்னால இதைத்தான் வைப்பேன். பூச்சி மருந்து ரெண்டாம் வாரம் ஆரம்பிச்சு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை. தாய் வயித்துலயும் பால்லயுமே குட்டிக்குப் பூச்சி வந்துடுது. அளவை டாக்டர்கிட்ட எடை சொல்லிக் கேளு.

கண்ணு 10லேருந்து 14 நாள்ல திறக்கும், காது அதுக்குச் சில நாள் பின்னால. மூணாம் வாரம் தத்தித் தத்தி நடக்கும். நான் இந்தக் கடிதம் எழுதுறதே அங்கேருந்து ஆரம்பிக்கிற நாளுக்காகத்தான்.

நம்ம வீட்டுப் பின்கட்டுல குட்டிங்க எப்படி வளர்ந்துச்சுன்னு நினைச்சுப் பாரு. யாரும் எந்தப் பயிற்சியும் கொடுக்கல. உள்ள வந்தா ஆத்தங்குடிக் கல்லு வழுக்கும், வெளிய போனா செம்மண்ணு, அந்தாண்ட வைக்கோல், கிணத்தடியில ஈரம். நாலு வாரத்துக்குள்ள எல்லாத்தையும் மிதிச்சிருக்கும். கோழி கொத்தும், ஆட்டுக்குட்டி மேல விழும், பால்காரர் சைக்கிள் மணி அடிப்பார், அம்மியில அரைக்கிற சத்தம், கொப்புடையம்மன் திருவிழான்னா வேட்டு. வர்ற போற கிழவியெல்லாம் தூக்கிப் பார்த்துட்டுப் போகும். அது அத்தனையும் கேட்காமக் கிடைச்சது. உன் அடுக்குமாடி வீட்டுல ஒரே தரை, ஒரே மணம், ரெண்டே மனுசங்க. அங்க இதையெல்லாம் நீதான் கொண்டு வந்து சேர்க்கணும்.

அதனால மூணாம் வாரத்துலேருந்து தரையில ஒரு பக்கம் சாக்கு, ஒரு பக்கம் தென்னந்தடுக்கு, ஒரு தாம்பாளத்துல மணல்னு போட்டு வை. வெறும் டைல்ஸ்ல விட்டுடாத, பின்னங்கால் வழுக்கி அகண்டு போகும். மிக்சியை அடுத்த ரூம்ல ஓட்டு, மறுநாள் கொஞ்சம் கிட்ட. குக்கர் விசில், எவர்சில்வர் தட்டு விழுற சத்தம், எல்லாம் தூரத்துல ஆரம்பிச்சு பக்கத்துல வரட்டும். திடுக்கிட்டுட்டு மறுபடி வந்து முகர்ந்து பார்க்கிற குட்டி நல்லா இருக்கு. மூலையிலேயே பதுங்கிக் கிடக்கிறதுக்கு இன்னும் மெதுவாக் காட்டு. மாப்பிள்ளையோட சிநேகிதர் ராஜபாளையம் குட்டி தேடுறாருன்னு சொன்னியே, அவர்கிட்ட ஒண்ணு சொல்லு: வெள்ளைக் குட்டிகள்ல பிறவியிலேயே காது கேக்காதது உண்டு. கூட்டத்தோட இருக்கிறப்ப தெரியாது, மத்ததைப் பார்த்து அதுவும் ஓடும். தனியாத் தூங்குறப்ப பின்னாலேருந்து சத்தம் போட்டுப் பார்த்துட்டு வாங்கட்டும்.

உங்க ஐயா காலத்து வேட்டைக்காரங்க ஒரு நம்பிக்கை வச்சிருந்தாங்க. குட்டியை நாலு பேர் தொட்டா வேகம் போயிடும், ஒரே கைச் சோறு, ஒரே ஆள் சொல்லுன்னு கட்டியே வளர்ப்பாங்க. முயலுக்குப் போறப்ப அது அவங்களுக்குச் சரியா இருந்திருக்கலாம். இன்னிக்கு 1972ஆம் வருஷச் சட்டம் இருக்கு, முயலைத் தொட்டா வழக்கு. கண்மாய்க் கரையில ஓட வேண்டிய நாய் உன் வீட்டு லிஃப்ட்ல ஏறி இறங்குது. முன்னப் பின்ன தெரியாத ஆளைக் கண்டா விறைக்கிற நாயை அங்க வச்சுக்க முடியாது. அதோட, வேட்டைக்கு ஓட்டிட்டுப் போனதுதான் ஆம்பளைங்க. வளர்த்தது முழுக்கப் பின்கட்டுப் பொம்பளைங்க, அதை யாரும் கணக்குல எடுத்துக்கிறதில்ல.

குட்டியைச் சின்னதுலேயே மனுசங்களோட பழக்கணும்ங்கிறதுக்குப் பழைய ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு, அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது. அமெரிக்காவுல பார் ஹார்பர்ங்கிற ஊர்ல குட்டிகளை உயரமான வேலி அடைச்ச வெளியில தாயோட விட்டு, மனுசங்க கண்ணுலயே படாம சோறு தண்ணி வச்சு வளர்த்தாங்க. சிலதை ரெண்டாம் வாரம், சிலதை மூணு, அஞ்சு, ஏழு, ஒன்பதுன்னு எடுத்து ஒரு வாரம் மனுசங்களோட பழக விட்டாங்க. 14 வாரம் வரைக்கும் மனுச வாடையே படாததுங்களைப் பிறகு எவ்வளவு பழக்கியும் காட்டு மிருகம் மாதிரியே ஒதுங்கி நின்னுச்சு. 1961ல வெளிவந்த ஆய்வு. ஸ்காட், ஃபுல்லர்ங்கிற ரெண்டு பேர் அதே இடத்துல வருஷக்கணக்காப் பார்த்து, குட்டி மனசு திறந்திருக்கிற காலம் மூணாம் வாரத்துலேருந்து பன்னிரண்டாம் வாரம் வரைக்கும்னு சொன்னாங்க. அந்த ஒன்பது வாரத்தை நீ விட்டா, அப்புறம் எந்தப் பயிற்சிக்காரருக்கு எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் முழுசாத் திரும்பாது.

ஆள்னா உங்க ரெண்டு பேர் மட்டும் இல்ல. தாடி வச்சவர், ஹெல்மெட் போட்டவர், குடை பிடிச்சவங்க, சேலை கட்டினவங்க, கைத்தடி வச்ச தாத்தா, கத்துற சின்னப் பிள்ளைங்க. பிள்ளைங்களைத் தரையில உட்கார வச்சு மடிக்குக் குட்டியை வரவிடு, துரத்த விடாத. நம்ம கன்னி பார்வையால வேட்டையாடுற நாய், ஓடுற எதுவும் அதுக்கு இரைதான். பூனை, கோழி, ஸ்கூட்டர், பந்து பொறுக்க ஓடுற பிள்ளை எல்லாத்தையும் இந்த வயசுலேயே சும்மா உட்கார்ந்து பார்க்கக் கத்துக்கணும். நம்ம நாய்ங்க வீட்டுக் கோழியை விட்டுட்டுக் காட்டு முயலை மட்டும் விரட்டினது புத்திசாலித்தனம்னு உங்க ஐயா பெருமை பேசுவார். கண்ணு திறந்த நாளா அந்தக் கோழிகிட்டக் கொத்து வாங்கினதுதான் காரணம்.

தடுப்பூசி முடியாம வெளிய கொண்டு போகலாமான்னு அடுத்துக் கேப்ப. கொண்டு போ, கீழ விடாத. குட்டிக்கு ரத்தபேதி வரவைக்கிற பார்வோ கிருமி மண்ணுல மாசக்கணக்கா உயிரோட கிடக்கும். தோள்ல போட்டுக்கிட்டு கேட்டு வரைக்கும், கடைத்தெரு ஓரம் வரைக்கும் போய் பஸ்ஸையும் ஜனத்தையும் காட்டிட்டு வா. முதல் ஊசி ஆறுலேருந்து எட்டு வாரத்துக்குள்ள, அப்புறம் மூணு நாலு வாரத்துக்கு ஒண்ணா 16 வாரம் வரைக்கும். வெறிநாய்க்கடி ஊசி மூணு மாசத்துல.

குட்டி கேட்டு வர்றவங்க முப்பதாம் நாளே வந்து நிப்பாங்க. எட்டு வாரத்துக்கு முன்னால ஒண்ணையும் கொடுக்காத, யார் சிபாரிசு பண்ணினாலும். கூடப் பிறந்ததுங்களைக் கடிச்சு, அதுங்க வீல்னு கத்திட்டு விளையாட்டை நிறுத்துறப்பதான் பல்லை எவ்வளவு அழுத்தலாம்னு குட்டி படிக்கும். அதை மனுசக் கை சொல்லிக் கொடுக்க முடியாது. எட்டிலேருந்து பத்து வாரத்துக்குள்ள ஒரு பயம் வந்து போகும். அந்தச் சமயத்துல பட்டாசு, டாக்டர்கிட்ட ஊசின்னா கூடவே கோழிக்கறித் துண்டு நாலைஞ்சு எடுத்துக்கிட்டுப் போ.

ஐயாவோட கடைசி நாயை அப்பத்தா வைரவன்பட்டிக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி வெளியில நிக்க வச்சே விபூதி போட்டாங்க. உள்ள வைரவருக்குப் பக்கத்துல நாய் நிக்குது, கும்பிடுறோம். வெளிய வந்து தெருநாயைக் கண்டா கல்லைத் தேடுறோம். இது சும்மா ஞாபகம் வந்துச்சு, எழுதிட்டேன்.

நான் அஞ்சாம் வாரம் புறப்பட்டு வர்றேன். கோழி கொண்டு வர முடியாது, ஆனா உன் சின்னத்தை பேரப் பிள்ளைங்க ரெண்டையும் கூட்டிட்டு வர்றேன், சத்தத்துக்குக் குறைவே இருக்காது. கால்ல செம்பட்டை இறங்கின அந்தக் கறுப்புப் பெட்டையை யாருக்கும் வாக்குக் கொடுத்துடாத. அப்பா வாயைத் திறந்து கேக்க மாட்டார், ஆனா நீ அனுப்பின படத்துல அதைத்தான் பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்க்கிறார்.

அன்புடன்,
அம்மா