டேப்பும் கரண்டும்

அன்புள்ள சண்முகம்,

நேற்று போனில் பஸ் இரைச்சலில் நான் சொன்னது பாதி உனக்குக் கேட்டிருக்காது. காலில் கரண்ட் வைத்துப் பார்க்கும் நரம்பு டெஸ்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், பயமாக இருக்கிறது என்றாய். போன மாதம்தான் எனக்குக் கையில் அதைச் செய்தார்கள்.

ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரலும் மரத்துப்போகும். எழுந்து உதறினால்தான் உயிர் வரும். முப்பது வருஷம் கத்தரிக்கோல் பிடித்த கை அல்லவா. ஒருவர் கழுத்துத் தேய்மானம் என்று சொல்லி, இரண்டு மாதம் கழுத்துப் பட்டையோடு திரிந்தேன்!

டெஸ்டில் கட்டைவிரல் மேட்டில் பொட்டு மாதிரி ஒன்றை ஒட்டினார்கள். மணிக்கட்டில் இரண்டு முனைக் கருவியை வைத்ததும் சுள்ளென்று ஓர் அடி; கட்டைவிரல் தானாகத் துள்ளியது. அடுத்து அதே அடி முழங்கை மடிப்பில். நடுவே உள்ள தூரத்தை அந்தப் பெண் டேப் வைத்து அளந்தாள். நம்ம தையல் கடை டேப்பேதான், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு அடிக்கும் கட்டைவிரல் துள்ள எடுத்த நேரத்தின் வித்தியாசத்தால் அந்தத் தூரத்தை வகுத்தால் நரம்பின் வேகம். கையில் நொடிக்கு 50 மீட்டராவது வேண்டும், காலில் 40 போதும். எனக்கு முன்கையில் வேகம் சரி, மணிக்கட்டைத் தாண்டும்போதுதான் தாமதம். சுண்டுவிரல் நரம்பில் குறையில்லை. ஆக, நெரிபடுவது மணிக்கட்டில். இப்போது ராத்திரி மட்டும் அங்கே பட்டை கட்டிக்கொள்கிறேன்.

ஏசியில் கை ஜில்லிட்டிருந்தது. முதலில் வெந்நீர்ப் பை வைத்துச் சூடாக்கினாள். ஒரு டிகிரி குறைந்தாலே வேகம் 2 மீட்டர் வரை இறங்குமாம். நல்ல நரம்பின் மேலும் பழி விழும்.

உன் விஷயம் வேறு. சர்க்கரையில் நரம்பு இழைகள் செத்திருந்தால், நரம்பின் பதிலைத் திரையில் காட்டும் அலை குட்டையாகத் தெரியும். ஆனால் இந்த டெஸ்ட் பார்ப்பது தடித்த இழைகளை மட்டும். எரிச்சலைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகள் இதில் சிக்காது. ரிப்போர்ட் 'நார்மல்' என்று வந்தால், "எல்லாம் உங்க மனப்பிரமைப்பா" என்று உன் பையன் ஆரம்பிப்பான். விடாதே, டாக்டரிடம் மறுபடி கேள்.

அன்று காலில் வேப்பெண்ணெய் மட்டும் தடவாதே, பொட்டு ஒட்டாது. சாக்ஸ் போட்டுக்கொண்டு போ.

அன்புடன்,
ராஜு