சால் ரோமானோவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சால்,

1960-களின் நியூயார்க் விளம்பர நிறுவனம் ஒன்றைப் பற்றிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 'மேட் மென்'. அங்கே ஓவியப் பிரிவில் வேலை பார்த்த உங்களைக் கடைசியாகப் பார்த்தது ஒரு தொலைபேசிக் கூண்டுக்குள். வீட்டுக்கு வர நேரமாகும் என்று மனைவி கிட்டியிடம் சொன்னீர்கள். வேலை போனதைச் சொல்லவில்லை. அது ஒளிபரப்பானது 2009-ல். தொடர் 2015 வரை ஓடியது, நீங்கள் மட்டும் திரும்பி வரவே இல்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

அதற்குச் சில வாரங்கள் முன்புதான் அந்தப் படுக்கையறைக் காட்சி. குளிர்பான விளம்பரம் ஒன்றை முதன்முறையாக நீங்களே இயக்கப் போகிறீர்கள். அதில் பாடும் பெண் எப்படி ஓடி வருவாள், எப்படிச் சிரிப்பாள் என்று மனைவிக்கு நடித்துக் காட்டுகிறீர்கள். அவ்வளவு சந்தோஷமாக உங்களை நான் பார்த்ததே இல்லை. கிட்டியின் முகத்தில் மட்டும் சிரிப்பு மெல்ல வடிகிறது. ஆண்களை விரும்புகிறவர் நீங்கள் என்பதை எல்லோரிடமும் மறைத்தே வந்தீர்கள்; அன்று அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பாலினம், பாலீர்ப்பு பற்றி 'இதுதான் இயல்பு' என்று நினைப்பதைக் கேள்வி கேட்பது குயர் கோட்பாடு. அதைப் பேசுகிறவர்கள் 1990-ல் வந்த, அமெரிக்கத் தத்துவவாதி ஜூடித் பட்லரின் புத்தகத்திலிருந்து தொடங்குவார்கள். நடை, குரல், கையசைவு என்று திரும்பத் திரும்பச் செய்வதாலேயே ஆண், பெண் என்பது நமக்குள் இயல்பாக இருப்பதுபோல் தோன்றுகிறது என்றார் அவர். சரி, அப்படியானால் வேண்டியபோது மாற்றிக்கொள்ளலாமே என்று பலர் படித்துவிட்டார்கள். காலையில் அலமாரியைத் திறந்து சட்டை எடுக்கிற விஷயம் இல்லை இது என்று 1993-ல் அவரே விளக்க வேண்டியதாயிற்று. அலுவலகத்தில் மற்ற ஆண்களோடு சேர்ந்து பெண்களைப் பற்றி ஜோக் அடித்த உங்களுக்கு அது முன்பே தெரியும்.

உங்கள் மேலதிகாரி டான் டிரேப்பரை நினைத்தால்தான் கோபம் வருகிறது. கொரியப் போரில் இறந்த அதிகாரியின் பெயரைப் போட்டுக்கொண்டு வாழ்கிறவர் அவர். கோட்டும் தொப்பியும் விஸ்கி கிளாஸுமாக அவர் கட்டிய வேஷத்துக்குப் பெயர் ஆண்மை, அதற்குச் சம்பளமும் உண்டு. பால்டிமோர் ஹோட்டலில் உங்கள் ரகசியத்தைப் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை, உண்மைதான். ஆனால் உங்கள் நிறுவனத்தின் பெரிய வாடிக்கையாளரான சிகரெட் கம்பெனிக்காரர் லீ உங்களைத் தொட வந்து, நீங்கள் மறுத்து, அவர் உங்களை நீக்கச் சொன்னபோது, 'இணங்கிப் போயிருக்கலாமே' என்ற தொனியில்தான் டான் பேசினார். நீங்கள் யாரிடம் புகார் சொல்லியிருக்க முடியும்? உங்களைப் போன்றவர்களைக் குற்றவாளியாக்கிய சட்டம் நியூயார்க்கில் விழுந்ததே 1980-ல்தான்.

இவ்வளவு கூர்மையாக இதைக் காட்டிய தொடரே, அப்புறம் உங்களை அந்தக் கூண்டிலேயே விட்டுவிட்டுப் போனது. அந்த முதலாளிகள் செய்ததையே எழுத்தாளர்களும் செய்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

அன்று இரவு வீட்டுக்குப் போனதும் கிட்டியிடம் சொன்னீர்களா, சால்? அவள் ஏற்கெனவே பாதி தெரிந்துகொண்டு காத்திருந்தாள்.

அன்புடன்,
உங்கள் ரசிகை