சனிக்கிழமை தெப்பக்குளம்: ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்பார்ந்த பெற்றோருக்கு,

வணக்கம். வருகிற சனிக்கிழமை காலை பிள்ளைகளை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்கு அழைத்துப் போகிறோம். திருமலை நாயக்கர் வெட்டிய குளத்தைப் பார்க்கத்தான் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்திலேயே இருக்கும் தியாகராசர் கல்லூரியை வெளியிலிருந்து காட்டி, அதைத் தொடங்கிய கருமுத்து தியாகராசரின் கதையைச் சொல்லப் போகிறோம். ஏன் என்று விளக்கத்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளுகிறது.

போன வாரம் தமிழ் வகுப்பில் 'நான் என்ன ஆவேன்' என்று கட்டுரை எழுதச் சொன்னோம். டாக்டர், கலெக்டர் எல்லாம் வழக்கம்போல. ஒரு பையன் மட்டும், 'நான் கல்வித் தந்தை ஆவேன். நாலு காலேஜ் கட்டி, ஒவ்வொன்றுக்கும் இருபது பஸ் விடுவேன்' என்று எழுதியிருந்தான். ஆசிரியர் அறையில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மறுநாள் அவன் டைரியில் அப்பாவின் குறிப்பு: 'மன்னிக்கவும், விளையாட்டுக்கு எழுதிவிட்டான்.'

இதில் மன்னிக்க என்ன இருக்கிறது? கல்லூரி கட்டிக் காசு பார்ப்பவர்களையும் ஊர் 'கல்வித் தந்தை' என்கிறது; அந்தப் பேரைக் கேட்டதும் நாங்கள் அத்தனை பேரும் சிரித்தோமே, அதுதான் எனக்கு உறுத்தியது.

சிரிக்க எனக்கும் காரணம் உண்டு. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் தமிழ்நாட்டில் 1984-85இல்தான் முளைக்கத் தொடங்கின. அடுத்த வருஷமே என் அண்ணனை அப்படி ஒன்றில் சேர்க்க அப்பா மேலூர்ப் பக்கம் இருந்த நஞ்சையை விற்றார். கட்டிய டொனேஷனுக்கு ரசீது கேட்டதற்கு, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாராம். நன்கொடை வசூலைத் தடுக்கும் சட்டம் இங்கே வந்தது 1992இல். எங்கள் நிலம் அதற்குள் வேறொருவர் கைக்குப் போய், இரண்டு போகம் விளைந்துகொண்டிருந்தது.

ஆனால் இதே மதுரையில் கல்வியில் பணம் போட்டவர்களின் கதை இது மட்டுமல்ல. கருமுத்து தியாகராசர் 1893இல், இன்றைய சிவகங்கை மாவட்டத்து ஆ.தெக்கூரில் பிறந்தவர். கொழும்பில் படித்து, அங்கே பத்திரிகையிலும் வேலை பார்த்து, தோட்டத் தொழிலாளர்களுக்காகக் குரல் கொடுத்தவர். ஊர் திரும்பி மீனாட்சி மில் என்ற நூற்பாலையை வளர்த்தார். 1943இல் பாங்க் ஆஃப் மதுரா. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அந்த வங்கியின் பாஸ்புக் இருந்திருக்கும். 2001இல்தான் அது ஐசிஐசிஐயோடு சேர்ந்தது. தெப்பக்குளத்துக் கல்லூரியை அவர் தொடங்கியது 1949இல், ஐம்பது வயது தாண்டிய பிறகு. மில்லில் சம்பாதித்ததைக் கல்லூரியில் போட்டார். கல்லூரியில் சம்பாதித்து மில் வாங்கவில்லை. பிள்ளைகள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

1957இல் திருப்பரங்குன்றத்தில் பொறியியல் கல்லூரி, 1962இல் மேலாண்மைப் பள்ளி. எனக்கு இவற்றைவிடப் பெரிதாகத் தெரிவது தெப்பக்குளத்துத் தமிழ்த் துறைதான். தமிழறிஞர்கள் ஔவை துரைசாமிப் பிள்ளையும் இலக்குவனாரும் பாடம் நடத்திய கல்லூரி அது. கவிஞர்கள் அப்துல் ரகுமானும் நா. காமராசனும் அங்கே மாணவர்களாக இருந்தார்கள். கட்டடம் யாரும் கட்டலாம். அப்படிப்பட்ட வாத்தியார்களைத் தேடிக் கொண்டுவந்து உட்கார வைக்க வேறு ஒரு கண் வேண்டும். ஊர் அவரைக் 'கலைத்தந்தை' என்றது; அப்போது யாரும் சிரிக்கவில்லை.

அவரைச் சாமியாக்கவும் எனக்கு விருப்பமில்லை. அவரும் மில் முதலாளிதான். மீனாட்சி மில் வருமான வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்ற 1956 தீர்ப்பை வக்கீல்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். பிள்ளைகளிடம் இதையும் சேர்த்தே சொல்வோம்.

சரி, நம் பள்ளிக்கு வருகிறேன். நம்முடையதும் தனியார் பள்ளிதான். தாளாளரை 'ஓனர் சார்' என்று கூப்பிடும் பெற்றோர் சிலர் உண்டு. அவருக்கே அது கூச்சம். பள்ளியை நடத்துவது அறக்கட்டளை. மிஞ்சுகிற பணம் பள்ளிக்கே திரும்ப வேண்டும், யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. நியாயமான உபரி இருக்கலாம், கொள்ளை லாபம் கூடாது என்று 2002இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. நம்மைப் போன்ற பள்ளிகளுக்கு 2009 சட்டப்படி அரசு அமைத்த குழுதான் கட்டணத்தை நிர்ணயிக்கிறது. அந்த ஆணை அலுவலக வாசலில் ஒட்டியிருக்கிறது. அதற்கு மேல் ஒரு ரூபாய் யார் கேட்டாலும் நேரே என் அறைக்கு வாருங்கள். கட்டியதற்கெல்லாம் ரசீது வாங்காமல் போகாதீர்கள். இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதம், காரணம் மேலே சொல்லிவிட்டேன்.

அந்தப் பையனுக்கு ஒரு கணக்குக் கொடுத்திருக்கிறேன். நாலு காலேஜ் வேண்டாம், ஒரே ஒரு பள்ளி. முதல் வருஷம் அறுபது பிள்ளைகள், ஆறு ஆசிரியர்கள். சம்பளம், வாடகை, கரண்ட் பில் எல்லாம் எங்கிருந்து வரும்? இரண்டு நாளாக நோட்டோடு உட்கார்ந்திருக்கிறான். பஸ்ஸை எல்லாம் அவனே கோடு போட்டு அடித்துவிட்டான்.

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்குப் பள்ளியிலிருந்து கிளம்பி, பன்னிரண்டுக்குள் திரும்பிவிடுவோம். சாப்பாடு கட்டிக் கொடுங்கள், தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் அவசியம். படிக்கட்டில் விளையாடக் கூடாது என்று வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். சம்மதச் சீட்டை வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட்டு வகுப்பாசிரியரிடம் சேர்க்கவும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்